அப்பாவின் மரபணுவும் தங்கையின் கல்யாணமும்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 37. 9 வயதில் மகன், 5 வயதில் மகள். நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய கண் இமையோரம் மஞ்சளாகத் தடிப்பு இருந்ததும், குதிகாலுக்கு மேலே புடைத்திருந்ததும் இவருக்கு நினைவிருக்கிறது. சென்ற ஆண்டு அண்ணனுக்கு 41 வயதில் மாரடைப்பு வந்தது. இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். அவருடைய எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, லிட்டருக்கு 7.1 மில்லிமோல் இருந்ததால் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். எல்டிஎல்ஆர் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது தெரிந்தது. இது குடும்பவழி வரும் மிகைக் கொழுப்பு நோய், உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது என்று மருத்துவமனை ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது.

வாசகிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்தபோது எல்டிஎல் 5.8. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டார், தொடை வலித்தது, நிறுத்திவிட்டார். இப்போது வெந்தயமும் பூண்டும்தான். "நான் சுத்த சைவம், ஒல்லியான உடம்பு, முகச்சாயல் முழுக்க அம்மாதான். அப்பாவின் மரபணு எனக்கு வந்திருக்குமா? வந்திருந்தால், மரபணுவிலேயே கோளாறு இருக்கும்போது மாத்திரை என்ன செய்துவிடும்? மரபணுவையே திருத்தும் ஊசி வரப்போகிறதாமே, அதுவரை பொறுத்திருக்கலாமா?" என்று கேட்கிறார். சோதனை செய்தால் இனி காப்புறுதி எடுக்க முடியாது என்பது கணவரின் பயம். எல்லாவற்றுக்கும் மேல், 28 வயதுத் தங்கைக்கு அத்தை மகனோடு கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு தஞ்சாவூர்ப் பக்கம். "கல்யாணம் முடிகிறவரை இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதே" என்று அம்மா கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அப்பாவை இழந்து, அண்ணனையும் இழக்கப் பார்த்த நிலையில் நீங்கள் நிதானமாக உட்கார்ந்து இவ்வளவு கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தங்கையின் விஷயத்துக்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன். ஆனால் அதற்கு முன் இந்த மரபணு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

எல்டிஎல்ஆர் செய்யும் வேலை

நம் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டிஎன்ஏ இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட, சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள தொகுப்பு அது. அதில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள், அதாவது மரபணுக்கள், ஏறக்குறைய 20,000. ஒரு மரபணு வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செல் அதை ஆர்என்ஏ என்ற தற்காலிக நகலாக எடுக்கிறது. நகல் உட்கருவை விட்டு வெளியே வந்ததும், செல்லின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று வரிசையாகக் கோக்கிறது. அந்தச் சங்கிலி மடிந்து சரியான வடிவத்துக்கு வந்தால்தான் அது வேலைக்கு உதவும் புரதம்.

எல்டிஎல்ஆர் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது சொல்லிச் செய்யப்படும் புரதம் 860 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் ஏற்பி. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் நின்று, இரத்தத்தில் போகும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுத்துச் சென்று இறக்கிவிட்டு, மறுபடி மேலே வரும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போல ஆகும். ஓர் ஏற்பி தன் ஆயுளில் இப்படிச் சில நூறு முறை போய் வருகிறது. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர்கள் தேடிப் போனதே உங்கள் குடும்பத்தில் இருப்பது போன்ற நோய்க்குக் காரணம் என்ன என்பதைத்தான்.

இந்த மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்கள் அண்ணனுக்கு அதில் ஒன்று பழுது. ஒரே ஓர் எழுத்து மாறினாலும் போதும், தவறான அமினோ அமிலம் சேர்ந்து புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே அழிக்கப்படலாம். அல்லது சங்கிலி பாதியில் அறுந்துபோகலாம். இந்த ஒரு மரபணுவில் மட்டும் இப்படி 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் துறைமுகத்தில் பாதிக் கப்பல்துறைகளை மூடிவிட்டால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு எதிரே எத்தனை கப்பல் காத்துக் கிடக்கும்? இரத்தத்திலும் அதேதான். எல்டிஎல் இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து அப்படிச் சுற்றுவதால் மற்றவர்களுக்கு 65 வயதில் அடைகிற இரத்தக்குழாய் இவர்களுக்கு 45இலேயே அடைத்துவிடுகிறது. அப்பாவின் கண் இமையிலும் குதிகாலிலும் நீங்கள் பார்த்தது அப்படி மிஞ்சிப்போய்ப் படிந்த கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

சாயல் அம்மாவுடையது என்பதால்

இது நிறையப் பேர் நம்புகிற விஷயம். "அம்மா மாதிரி", "அப்பா மாதிரி" என்று நாம் பிள்ளைகளைப் பிரித்துப் பேசிப் பழகிவிட்டதால் வருவது. முகச்சாயலைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஏராளம், அவை பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. 19ஆம் குரோமோசோமில் அப்பாவின் இரண்டு பிரதிகளில் எது உங்களுக்கு வந்தது என்பதற்கும் உங்கள் மூக்கு யாருடையது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பாவுக்குப் பழுது இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு. அண்ணனுக்கு வந்துவிட்டதால் உங்களுக்கு வராது என்றோ, தங்கையாவது தப்பித்திருப்பாள் என்றோ கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு பிறப்பும் தனி.

உங்களைப் பொறுத்தவரை எல்டிஎல் 5.8 என்பதே பெரிய தடயம். சைவமாகவும் ஒல்லியாகவும் இருந்து அந்த அளவு ஏறியிருக்கிறது என்றால், சாப்பாட்டைத் தாண்டிய காரணம் இருக்கிறது என்றுதான் எந்த மருத்துவரும் யோசிப்பார். உணவைக் கவனமாக மாற்றினாலும் எல்டிஎல் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடுதான் இறங்கும். வெந்தயத்தை நிறுத்தச் சொல்லவில்லை, குடியுங்கள். ஆனால் 5.8ஐ அதை நம்பி விடாதீர்கள். தைராய்டு குறைவாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை என்ன செய்யும்?

நீங்கள் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஸ்டாட்டின், கல்லீரல் செல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பதை மட்டுப்படுத்துகிறது. செல்லுக்குக் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை வருகிறது. உடனே ஒரு புரதம் உட்கருவுக்குள் போய் எல்டிஎல்ஆர் மரபணுவை முடுக்கிவிடுகிறது. அப்போது பழுதில்லாத பிரதியிலிருந்து கூடுதலாக நல்ல ஏற்பிகள் வருகின்றன, அவை இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கின்றன. ஆக, நீங்கள் விழுங்கும் மாத்திரை அம்மா கொடுத்த நல்ல பிரதியைக் கூடுதலாக வேலை வாங்குகிறது. அந்தப் பிரதி இருக்கிறவரை மாத்திரைக்கு வேலை இருக்கிறது.

தொடை வலி நிஜமாக இருந்திருக்கும், உங்களைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அதற்கு வழிகள் உண்டு. இரத்தத்தில் தசை நொதியை அளந்து பார்க்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், குறைந்த அளவில் தொடங்கலாம், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைபைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நோயுள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு 60 வயதுக்குள்ளும் இதய நோய் வருகிறது. பெண்களுக்குச் சில ஆண்டு தாமதமாகிறது, அவ்வளவுதான். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிருந்தால் மட்டும் மாத்திரையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மரபணுவைத் திருத்தும் ஊசிக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அதன் கதை 2003இல் தொடங்குகிறது. பிசிஎஸ்கே9 என்ற இன்னொரு மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தாலும் இதே நோய் வரும் என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மரபணு செய்யும் புரதம் எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கக்கூடியது. அப்புறம் அமெரிக்காவில் நேர்மாறானவர்களைக் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே ஒரு பிசிஎஸ்கே9 பிரதி செயலிழந்தவர்கள் அவர்கள். 2006இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடு குறைவு, இதய நோய் 88 விழுக்காடு குறைவு. அதிலிருந்து பிறந்தவைதான் 2015இல் வந்த பிசிஎஸ்கே9 தடுப்பு ஊசிகள். பிறகு இன்க்ளிசிரான் வந்தது. அது டிஎன்ஏவைத் தொடாமல் பிசிஎஸ்கே9இன் ஆர்என்ஏ நகலை மட்டும் அழிக்கிறது. தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும், எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகிறது.

டிஎன்ஏவிலேயே ஓர் எழுத்தை மாற்றி பிசிஎஸ்கே9ஐ நிரந்தரமாக அணைக்கும் சிகிச்சையின் மனிதச் சோதனை 2022இல் தொடங்கியது. முதல் வடிவத்தில் ஆய்வகக் குறியீடுகள் சரியில்லாமல் போனதால் 2024இல் நிறுத்திவைத்து, மருந்தை ஏற்றிச் செல்லும் கொழுப்புத் துகளை மாற்றி இரண்டாம் வடிவத்துக்குப் போனார்கள். முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஒருமுறை மாற்றினால் திரும்ப மாற்ற முடியாத சிகிச்சை அது, பல ஆண்டு கண்காணிப்பு வேண்டும். காத்திருக்கும் அந்த ஆண்டுகளில் உங்கள் இரத்தக்குழாயில் கொழுப்பு படிந்துகொண்டேதான் இருக்கும். அது வரும்போது வரட்டும். இன்றைக்கு மாத்திரையைத் தொடங்குங்கள்.

சோதனையும் காப்புறுதியும்

அண்ணனின் மாற்றம் எது என்று தெரிந்துவிட்டதால் உங்கள் சோதனை எளிது. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், இரத்தமோ எச்சிலோ கொடுத்தால் ஆகிவிடும். இந்தியர்களின் மரபணுத் தரவு உலகளவில் குறைவு என்பதால், முதன்முதலில் சோதிக்கப்படுகிறவருக்கு "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று குழப்பமான முடிவு வருவதுண்டு. சிங்கப்பூரின் தேசிய மரபணுத் திட்டம் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஒரு லட்சம் பேரின் மரபணுத்தொகுதியைச் சேகரிக்க முனைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணனின் முடிவு தெளிவாக இருப்பதால் உங்களுக்கு அந்தக் குழப்பம் இருக்காது. 2025 நடுப்பகுதியிலிருந்து இந்த நோய்க்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. தகுதியுள்ள சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 70 விழுக்காடு வரை மானியம் உண்டு, மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவையும் பயன்படுத்தலாம். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவார்கள். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். அண்ணனின் மாற்றம் உங்களிடம் இல்லை என்று முடிவு வந்தாலும் 5.8 என்பது 5.8தான். அப்போதும் சிகிச்சை வேண்டும்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது, ஆனால் முழுதும் சரியல்ல. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, நோய் வருமா என்று முன்கூட்டிப் பார்க்கும் மரபணுச் சோதனையைச் செய்துகொள்ளும்படி காப்புறுதி நிறுவனம் யாரையும் வற்புறுத்த முடியாது. அதன் முடிவைக் கேட்பதற்கும் கடுமையான வரம்பு இருக்கிறது. மிகப் பெரிய தொகைக்கு எடுக்கும்போது, குறிப்பிட்ட சில சோதனைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனால் ஏற்கெனவே அறிகுறி உள்ளவருக்கு நோயை உறுதிசெய்யச் செய்யும் சோதனை வேறு வகை. உங்கள் சோதனை எதில் சேரும் என்று செய்வதற்கு முன்பே ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே இதையும் கணவரிடம் சொல்லுங்கள். உங்கள் 5.8 ஏற்கெனவே மருத்துவப் பதிவில் இருக்கிறது. புதிய காப்புறுதிக்கு விண்ணப்பித்தால் கொழுப்பளவையும் குடும்ப நோய்களையும் எப்படியும் கேட்பார்கள், அங்கே மறைத்தால் பின்னால் இழப்பீடே மறுக்கப்படலாம். உண்மையைச் சொல்லி எடுத்து நடப்பில் உள்ள காப்புறுதியை இந்தச் சோதனை பாதிக்காது. அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் சிங்கப்பூரர், நிரந்தரவாசி எல்லோருக்கும் முன்பே உள்ள நோய்களையும் சேர்த்துக் காப்பளிக்கிறது. மரபணு முடிவுக்காகப் பயந்து மருந்தைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்துக்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். முதலில் உங்கள் முடிவு வரட்டும். உங்களுக்கு இருந்தால் இருவருக்கும் தலா 50 விழுக்காடு வாய்ப்பு. மகனுக்கு 9 வயது என்பது சோதிக்கச் சரியான வயதுதான், ஏனென்றால் ஸ்டாட்டினைப் பொதுவாக 8 முதல் 10 வயதில் தொடங்கலாம். நெதர்லாந்தில் சிறு வயதிலேயே தொடங்கிய பிள்ளைகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், 2019இல் முடிவு வந்தது. 39 வயதுக்குள் இதயப் பாதிப்பு அவர்களில் 1 விழுக்காடு, அதே நோயுள்ள அவர்களின் பெற்றோரில் 26 விழுக்காடு. உங்கள் அப்பாவின் காலத்தில் இந்த வசதி இல்லை.

தங்கையிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே. உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. "குடும்பத்தில் வியாதி" என்ற ஒரு பேச்சுக்கு நம் சமூகத்தில் எத்தனை சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன என்பதை அவர் பார்த்திருப்பார். கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர், கடைசிப் பெண்ணுக்கு நல்லது நடக்கும் நேரத்தில் இது வந்து நிற்கிறது. அவரோடு சண்டை போட வேண்டாம்.

ஆனால் மாப்பிள்ளை அத்தை மகன். மாற்றம் அப்பா வழியில் வந்தது என்றால், அப்பாவின் அக்கா அல்லது தங்கையான அத்தைக்கும் அது இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு, அவர் மகனுக்கு 25. தங்கைக்கு 50. இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் உங்கள் அண்ணனின் நிலைமைதான், சமாளிக்கலாம். இருவருக்கும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அது வேறு நோய் போலவே இருக்கும். நல்ல பிரதியே இல்லாததால் ஸ்டாட்டினுக்கு வேலை வாங்க ஆள் இல்லை. எல்டிஎல் 13க்கு மேல் போகும், பள்ளி வயதிலேயே தோலில் கொழுப்புக் கட்டிகள் வரும், பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். சொந்தத்தில் கட்டினாலே இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான சொந்தக் கல்யாணங்களில் ஆரோக்கியமான பிள்ளைகள்தான் பிறக்கிறார்கள். இங்கே எந்த மரபணு என்று பெயரோடு தெரிந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. அந்த முடிவு தங்கையும் மாப்பிள்ளையும் எடுக்க வேண்டியது, அதற்கு அவர்களுக்குத் தகவல் வேண்டும். இருவருக்கும் இருப்பது தெரிந்தாலும் வழிகள் இருக்கின்றன. கருத்தரிக்கும் முன் மரபியல் ஆலோசனை பெறலாம். கருவைப் பதிக்கும் முன் மரபணுவைச் சோதிக்கும் முறை கடுமையான ஒற்றை மரபணு நோய்களுக்கு இங்கே இருக்கிறது, அதற்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம். குழந்தை பிறந்தவுடன் சோதித்துச் சிகிச்சையைத் தொடங்கலாம். தெரியாமல் போனால் இதில் எதுவுமே முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அண்ணனிடம் அனுமதி கேளுங்கள், ஏனென்றால் முடிவு அவருடையது. அவர் சம்மதம் இல்லாமல் மருத்துவமனையும் தங்கையிடம் பேசாது. அவரே தங்கையிடம் சொன்னால் இன்னும் நல்லது, மாரடைப்பிலிருந்து மீண்டவர் சொல்லும்போது அதற்குத் தனி எடை உண்டு. அடுத்து அம்மாவையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றம் அப்பா வழி என்பது நம் ஊகம்தான். தப்பித் தவறி அது அம்மாவிடம் இருந்தால் அத்தை வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடும். எதைச் சொல்லாதே என்கிறாரோ அதில் அவர் கையிலேயே ஒரு பாதி விடை இருக்கிறது என்பதை விளக்கினால் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

தங்கை எப்படியும் கொழுப்புச் சோதனையும் மரபணுச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். அத்தை வீட்டில் முதலிலேயே "மரபணு" என்று தொடங்க வேண்டாம். அண்ணனுக்கு இந்த வயதில் வந்துவிட்டது, அப்பாவும் அப்படித்தான் போனார், நம் வீட்டு இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்கிறார்கள், அத்தையும் மாப்பிள்ளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னால் போதும். அத்தைக்கும் அது நல்லது, அவர் உயிரும் இதில் இருக்கிறது. தஞ்சாவூரில் எந்த ஆய்வகத்திலும் செய்துவிடலாம். அங்கே மில்லிகிராமில் எழுதித் தருவார்கள். அதை 38.7ஆல் வகுத்தால் நாம் இங்கே பயன்படுத்தும் கணக்கு வரும். 190க்கு மேல் இருந்தால் நம் கணக்கில் 4.9க்கு மேல், உடனே கவனிக்க வேண்டிய அளவு. குறைவாக வந்தால் கவலை பெரிதும் தணியும், முழு உறுதிக்கு அண்ணனின் மாற்றத்தை மாப்பிள்ளைக்கும் நேரடியாகச் சோதிக்கலாம்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் நேரம் வாங்குங்கள். அண்ணனின் மரபணு அறிக்கையின் முழு நகலை எடுத்துப் போங்கள், அதில் மாற்றத்தின் சரியான குறியீடு இருக்கும், ஆய்வகத்துக்கு அதுதான் தேவை. பழைய மாத்திரையின் பெயர், அளவு, வலி எந்த வாரத்தில் தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ, மாடியேறும்போது மூச்சு வாங்குவதோ இருந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.